அணைக்கு மேலே ஏறவா, அடிவாரத்தைச் சுற்றவா?

அமெரிக்காவின் தாஹோ ஏரிக்கு மேலே, ஒற்றையடித் தடத்தில் ஒருவர் மலை சைக்கிள் ஓட்டிப் போகும் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டால் போதும், நம் ஊர்ப் பையன்கள் அடுத்ததாகக் கேட்பது இதைத்தான்: "அண்ணாச்சி, நம்ம பக்கம் இது மாதிரி ஒரு சுத்து கிடையாதா?"

கேட்பதில் நியாயம் இருக்கிறது. நெல்லை, தென்காசிப் பக்கம் மேற்கே திரும்பினால் மலை. மலையின் காலடியில் வரிசையாக அணைகள். மழைக்காலத்தில் இங்கே பேப்பரைப் பிரித்தால் அணை நீர்மட்டத்தைப் பார்த்த பிறகுதான் மற்றச் செய்தி. பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118, கடனா 85, ராமநதி 84 என்று முழுக் கொள்ளளவு மட்டங்கள் பலருக்கு மனப்பாடம். இத்தனை நீர்ப்பரப்பு இருக்கிறதே, ஏதாவது ஒன்றுக்கு மேலே ஏறிச் சுற்றி இறங்க வழி இல்லாமலா போகும்?

வழி இருக்கிறது, தார் ரோடே இருக்கிறது. ஆனால் அதில் சைக்கிளை விட மாட்டார்கள். அதனால் எந்தச் சுற்று அழகு என்பதை விட, எந்தச் சுற்று உண்மையிலேயே நமக்குக் கிடைக்கும், கிடைப்பதில் எது மெனக்கெடலுக்குத் தகும் என்று பார்ப்பதுதான் உபயோகம். அம்பை என்கிற அம்பாசமுத்திரத்தை மையமாக வைத்து, ஒரு நாளில் போய்த் திரும்பக் கூடியவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் தாஹோவையே கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். ஏரியே கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கும் ஏறத்தாழ 1,500 அடி மேலே போகிறது அந்தத் தடம். 1870களில் வர்ஜீனியா சிட்டி என்ற வெள்ளிச் சுரங்க நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக ஏற்படுத்திய அமைப்பின் ஒரு பகுதி அது. மலைச் சரிவைக் குடைந்து வாய்க்கால் போட்டார்கள். வாய்க்கால் போய்விட்டது, அது போன தடம் மிஞ்சியது. காணொளியில் வாயைப் பிளக்க வைக்கும் பகுதி ஏறக்குறைய மட்டமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். தண்ணீர் ஓடிய வழி செங்குத்தாக இருக்க முடியாது அல்லவா? மூச்சு வாங்க வைக்கும் ஏற்றமெல்லாம் அதற்கு முன்பே, ஸ்பூனர் ஏரியிலிருந்து மார்லெட் ஏரிக்கு ஏறும்போதே முடிந்துவிடுகிறது. பெரும்பாலானவர்கள் அதை ஒரு வழிப் பயணமாக, ஏறத்தாழ 14 மைல் ஓட்டி, மறுமுனையில் இறங்கி, வேனில் திரும்புகிறார்கள். கண்டிப்பாகச் சொன்னால் அது சுற்றே கிடையாது.

வாய்க்கால் கரையில் சைக்கிள் ஓட்டுவது நமக்கொன்றும் புதிதில்லை. கன்னடியன் கால்வாய்க் கரையிலும் மணிமுத்தாறு பாசனக் கால்வாயின் 'ரீச்' கரைகளிலும் தலைமுறை தலைமுறையாக ஓட்டித்தான் வயலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிறோம். அங்கே தவறினால் நூற்றுக்கணக்கான அடி பள்ளம், இங்கே தவறினால் நாற்று வயல். வித்தியாசம் அவ்வளவுதான்.

இனி நம் மலைக்கு வருவோம்.

எல்லோர் வாயிலும் முதலில் வருவது மணிமுத்தாறும் மாஞ்சோலையும். காமராசர் காலத்தில், 1958இல் திறந்த அணை. அதைத் தாண்டி, அருவியைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் மாஞ்சோலை. அதற்கப்புறம் நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. இந்தத் தேயிலை எஸ்டேட் பகுதி 1,000 முதல் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சோதனைச் சாவடியிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் 900 மீட்டர் போல ஏற வேண்டும். சராசரி ஏற்றம் நாலரை சதவீதம். ரோடு பெயர்ந்த இடங்களில் அது இரண்டு மடங்காகத் தெரியும். குதிரைவெட்டியிலிருந்து கீழே அணை நீர் விரிந்து கிடப்பதைப் பார்க்கலாம். தாஹோவுக்கு நம்மிடம் பதில் இருக்கிறதென்றால் அது இந்த ரோடுதான். அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் இது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் நடுவே போகிற ரோடு. சுற்றுலா வருகிறவர்களை வனத்துறை காரில், அதுவும் எண்ணிக்கை வைத்துத்தான் விட்டுவந்தது. இருசக்கர வண்டிக்கே அனுமதி கிடையாது என்றால் சைக்கிளுக்கு எங்கே? சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்த நிலம் அது. குத்தகை 2028இல் முடிகிறது. 2024இல் தோட்டத் தொழிலாளர்கள் விருப்ப ஓய்வில் வெளியேற்றப்பட்டதும் மலையின் வாழ்க்கையே மாறிப்போனது. நாலு தலைமுறை உழைத்த சனங்கள் இறங்கிப்போன ரோட்டில், நாம் பொழுதுபோக்குக்கு ஏற அனுமதி கேட்டு நிற்பது எனக்கு அவ்வளவு உவப்பாகவும் இல்லை. அது என் சொந்த எண்ணம்; அதை விட்டுவிட்டாலும், போன வழியே திரும்ப வேண்டும் என்பது மாறாது. குதிரைவெட்டியிலிருந்து, பாபநாசம் அணை இருக்கிற காரையாறு பக்கம் சைக்கிளோடு இறங்க ரோடு இல்லை. மாஞ்சோலை இப்போதைக்குப் பட்டியலில் இல்லை.

அடுத்தது பாபநாசம், காரையாறு. சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போகிற மலை ரோடு. தார் பரவாயில்லை, ஏற்றம் மாஞ்சோலை அளவுக்குக் கொடுமையில்லை, நிழல் உண்டு. இதுவும் அதே காப்பகம். 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது, 895 சதுர கிலோமீட்டர். சாவடியில் பையைச் சோதிப்பார்கள், பிளாஸ்டிக்கை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் அந்தப் பக்கமே போக வேண்டாம். சனம் குடும்பம் குடும்பமாகப் போய்த் தங்கியிருக்கும், வண்டிகளுக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கும். மற்ற நாட்களில் கோயிலுக்குப் போகிறவர்களை விடுவது சாவடியில் இருக்கும் அன்றைய உத்தரவைப் பொறுத்தது. கோயில், அணை, அவ்வளவுதான்; அங்கிருந்தும் வந்த வழியே திரும்ப வேண்டும். மலை சைக்கிளுக்கென்று அதில் ஒரு கெஜம் மண் தடம்கூடச் சட்டப்படி கிடைக்காது. சாமி கும்பிடப் போகலாம். அதற்கு மேல் அதில் சைக்கிள்காரருக்கு ஒன்றுமில்லை.

"காட்டுக்குள்ள ஆள் இல்லாத நேரமாப் பாத்து நுழைஞ்சிட்டா யாருக்குத் தெரியப்போவுது?" என்று ஒருவர் கேட்டார். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் சரணாலயத்துக்குள் நுழைவது குற்றம். சட்டத்தை விடுங்கள், ஆனைக்குத் தெரியும். சைக்கிள் சத்தம் போடாத வண்டி. கரடியும் ஆனையும் நாம் பக்கத்தில் வரும்வரை உணராது, உணரும்போது திடுக்கிட்டுத்தான் பாயும். மோட்டார் பைக்கில் போகிறவனுக்கு இல்லாத ஆபத்து இது.

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியைச் சிலர் சொல்கிறார்கள். 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. கேரளாவுக்குக் கல்லும் மணலும் ஏற்றிப்போகிற லாரிகளுக்குப் பின்னால் புகை குடித்துக்கொண்டு வளைவில் ஏறுவதை மலைப் பயணம் என்று நான் கணக்கில் வைப்பதில்லை.

ஆக, உண்மையான போட்டி இரண்டு அடிவாரச் சுற்றுகளுக்கு இடையில்தான். தெற்கே களக்காடு, திருக்குறுங்குடி பக்கம் ஒன்று. வடக்கே கடனா, ராமநதி பக்கம் ஒன்று.

தெற்குச் சுற்று: களக்காட்டில் தொடங்கி வடக்குப் பச்சையாறு அணையைப் பார்த்துவிட்டு, மாவடி வழியாகத் திருக்குறுங்குடி, அதை அடுத்து கொடுமுடியாறு அணை, அங்கிருந்து கிழக்கே இறங்கி ஏர்வாடி வழியாகத் திரும்புவது. மலை இங்கே சட்டென்று எழும்பும். கிட்டத்தில் நின்று பார்த்தால் கழுத்து வலிக்கும். வாழைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் வண்டித் தடங்கள் ஓட்ட அருமை. திருக்குறுங்குடியில் பெரிய கோயிலைப் பார்க்காமல் வரக்கூடாது. சைக்கிளைத் தேரடியில் நிறுத்தி அரைமணி நேரம் ஒதுக்குங்கள். மலை நம்பி கோயிலுக்கு ஏறும் கரடுமுரடான தடத்தைப் பார்த்து மலை சைக்கிள்காரருக்குக் கை அரிக்கும். அதுவும் வனத்துறைச் சாவடிக்கு அப்பால்தான்.

தெற்கின் பெரிய குறை காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் பக்கத்தில்தான் இருக்கிறது. வைகாசி கடைசியிலிருந்து புரட்டாசிவரை அந்தக் கணவாயில் நுழைகிற காற்றை நம்பித்தான் முப்பந்தல், பணகுடி, காவல்கிணறு பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்கின்றன. ஏர்வாடியிலிருந்து மேற்கே திரும்புகிற நேரத்தில் அது எதிரே வந்தால், சமதரையிலேயே மலை ஏறுகிற கியரில் மிதிக்க வேண்டியிருக்கும். இன்னொன்று, வழியில் முடியாமல் போனால் பஸ்ஸை விட்டால் வேறு கதியில்லை. நாங்குநேரி ரயில் நிலையம் வெகு கிழக்கே இருக்கிறது. தை, மாசியில் இந்தச் சுற்று அற்புதம். மற்ற மாதங்களில் எனக்கு இது இரண்டாம் பட்சம்.

வடக்குச் சுற்றுதான் என் தேர்வு. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அம்பையிலிருந்து ஆழ்வார்குறிச்சி, அங்கிருந்து மேற்கே சிவசைலம், அதைத் தாண்டிக் கடனா அணை. அணைக்கு மேலே அத்ரி மலைக் கோயிலுக்குப் போகிற பாதை காட்டுக்குள் போகிறது. அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். அணைக் கரையின் மேலும் வண்டி ஓட்டக் கூடாது. ஆனால் அணையின் அடியில் நின்றாலே மலை ஒரு அரைவட்டமாக நம்மைச் சூழ்ந்து நிற்கும். காலை வெயில் பட்ட பொதிகைத் தொடரைப் பார்க்க இந்த வட்டாரத்தில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கார்த்திகை மழைக்குப் பிறகு வந்தால் சரிவெங்கும் வெள்ளிக் கோடாக ஓடைகள் இறங்கும்.

கடனாவிலிருந்து வந்த வழியே ஆழ்வார்குறிச்சிக்குத் திரும்பாமல், கருத்தப்பிள்ளையூர், சம்பன்குளம், கோவிந்தப்பேரி பக்கமாக ஊர் ரோடுகளையும் வண்டித் தடங்களையும் பிடித்து மலையை ஒட்டியே வடக்கே போவதுதான் இந்தச் சுற்றின் உயிர். மேற்கே காடு, கிழக்கே தோப்பும் விளையும். தார், சிமெண்ட், செம்மண், சரள் என்று தரை மாறிக்கொண்டே இருக்கும். மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் குறுக்கே வரும். மழை நின்ற மாதங்களில் அவை வெறும் மணல். முன் சக்கரம் புதையாமல் அந்த மணலைக் கடக்க, இறங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்து, உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, ஹேண்டிலைத் திருப்பாமல் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் மிதிப்பதை நிறுத்தினால் இறங்கித் தள்ள வேண்டியதுதான். பார்ப்பதற்குச் சாதாரணமாகத் தெரியும் இந்த இடங்களில்தான் தெருவில் ஓட்டிப் பழகியவர்களுக்கும் மலை சைக்கிள் தெரிந்தவர்களுக்கும் வித்தியாசம் வெளிப்படும்.

அப்புறம் பொத்தைகள். சமவெளியில் தனித்து நிற்கும் பாறைக் குன்றுகள். கடையம், மத்தளம்பாறை சுற்றுவட்டாரத்தில் இவை நிறைய. இவற்றின் இடுப்பைச் சுற்றிப் போகும் ஆட்டுத் தடங்களில் குட்டை குட்டையாக வருகிற செங்குத்து ஏற்றங்கள், நீள மலை ரோட்டை விட மோசமாகத் தொடையைப் பிழியும். சுற்று முழுவதும் சேர்த்தாலும் மொத்த ஏற்றம் சில நூறு மீட்டரைத் தாண்டாது; மாஞ்சோலையோடு உயரக் கணக்குப் போட்டால் இது ஒன்றுமே இல்லை. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது: தரை ஒரே மாதிரி இருக்காது, வெயிலுக்கு ஒதுங்க இடம் குறைவு, முள் உண்டு.

கடையத்துக்கு வந்தால் மூச்சு விடலாம். மனைவி செல்லம்மாவின் ஊரான இங்கேதான் 1918 கடைசியிலிருந்து 1920வரை பாரதி இருந்தார். மலையடிவாரத்து நித்தியகல்யாணி அம்மன் கோயிலை ஒட்டி மேற்கே போனால் ராமநதி அணை. கடனாவைவிட இங்கே திறந்த வெளி அதிகம். அங்கிருந்து தெம்பு இருந்தால் வடக்கே தோரணமலை முருகன் கோயில் அடிவாரம்வரை போகலாம். சைக்கிளைக் கீழே நிறுத்திவிட்டுப் படியேறினால் உச்சியிலிருந்து குளங்களும் தோப்புகளும் தெரியும். ஏரியை மேலிருந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை அங்கே கொஞ்சம் தீரும். படிகள் அதிகம், தொடையில் மிச்சம் இருந்தால் மட்டும் ஏறுங்கள்.

திரும்பும்போது கடையம், பொட்டல்புதூர், ஆழ்வார்குறிச்சி என்று பெரிய ரோட்டையே பிடிக்கலாம். நான் ரவணசமுத்திரம் பக்கம் குளத்தங்கரைகளைப் பிடிக்கவே சொல்வேன். ஒரு பக்கம் நீர், ஒரு பக்கம் வயல், நடுவே ஒற்றைத் தடம். மறுகால் பாயும் காலத்தில் மட்டும் கரையை விட்டு இறங்கிச் சுற்ற வேண்டியிருக்கும். ஓடுகிற மறுகாலில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கடக்கிற வீரமெல்லாம் வேண்டாம், பாசி வழுக்கும். எந்தக் குறுக்குவழியைப் பிடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து எல்லாம் சேர்த்து 60 முதல் 70 கிலோமீட்டர் வரும்.

தெற்கை விட வடக்கை நான் உயர்த்திப் பிடிக்க இன்னொரு காரணம் ரயில். கீழக்கடையம், ரவணசமுத்திரம், ஆழ்வார்குறிச்சி, கீழ ஆம்பூர் என்று திருநெல்வேலி – செங்கோட்டைப் பாதையின் நிலையங்கள் சுற்றுக்கு இணையாகவே கிழக்கே வருகின்றன. ஒருவருக்கு முடியாமல் போனால் அவரை ரயிலேற்றிவிட்டு, சைக்கிளை ஏதாவது கடையில் போட்டுவிட்டு மற்றவர்கள் தொடரலாம். ஆட்கள் புதிதாக இருக்கும் குழுவுக்கு இந்த வசதி பெரிது.

குறை இல்லாமல் இல்லை. 2022 நவம்பரில் கடையம் அருகே கரடி ஒன்று மூன்று பேரைத் தாக்கியது. 2024 மே மாதம் பாபநாசம் மலையடிவார ஊர்களில் கூண்டு வைத்துச் சிறுத்தைகளைப் பிடித்தார்கள். அடிவாரம் என்பதாலேயே பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் மலையை ஒட்டிய தடத்துக்குள் நுழைய வேண்டும், பொழுது சாய்வதற்கு முன் பெரிய ரோட்டுக்கு வந்துவிட வேண்டும். வளைவுகளில் மணியடியுங்கள், சத்தமாகப் பேசிக்கொண்டு போங்கள். இருட்டில் போகக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: காட்டுப் பன்றிக்காகச் சில இடங்களில் திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பி கட்டுகிறார்கள். பகலில் கண்ணில் படும். விளைகளுக்குள் குறுக்கே புகாமல், நாலு பேர் நடக்கிற தடத்திலேயே போவது நல்லது.

சைக்கிள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள் போதும்; பின்னாலும் சஸ்பென்ஷன் உள்ளது இங்கே வீண் எடை. ஆனால் டயரில் கஞ்சத்தனம் கூடாது. சீமைக் கருவேல முள்ளும் உடை முள்ளும் நெருஞ்சியும் சாதாரண ட்யூபை ஒரு வழி பண்ணிவிடும். ஓட்டையைத் தானே அடைக்கும் சீலண்ட் திரவம் ஊற்றிய ட்யூப்லெஸ் டயர், 2.2 அங்குல அகலம், 70 கிலோ ஆளுக்கு 25 பி.எஸ்.ஐ. போலக் காற்று. ஊர்ச் சைக்கிள் கடையில் ட்யூபுக்கு ஒட்டுப் போட்டுத் தருவார்கள், ட்யூப்லெஸ்ஸுக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். அதனால் டயர் ஓட்டையை அடைக்கும் 'பிளக்' ஒன்றும் ஒரு மாற்று ட்யூபும் கையில் இருக்க வேண்டும். இரண்டு லிட்டர் தண்ணீர் குறைந்தபட்சம்.

காலத்தைப் பொறுத்தவரை தையும் மாசியும்தான். வடகிழக்குப் பருவமழை முடிந்து அணைகளில் நீர் நிற்கும், தடம் காய்ந்திருக்கும், மதியம்கூடத் தாங்கும். பங்குனி பிறந்தால் பாறை காய ஆரம்பிக்கும். பதநீர் கிடைக்கும் என்ற ஒரே ஆறுதலோடு, பத்து மணிக்குள் முடிகிற அரைச் சுற்று மட்டும் போகலாம். சாரல் காலத்தில் தென்காசிப் பக்கம் குளிர்ச்சியாக இருந்தாலும் காற்றும் வழுக்கலும் சேர்ந்து வரும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி முன்பாதியில் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் வீட்டைவிட்டுக் கிளம்பவே வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழையை இந்தச் சீமை மறக்காது. அப்படிப்பட்ட நாளில் அடிவாரத்து ஓடை எதுவும் ஓடையாக இருக்காது.

சுற்றும் திசையில் ஒரு வார்த்தை. கடனாவில் தொடங்கி ராமநதிக்குப் போவதையே சொல்கிறேன், மாற்றி வேண்டாம். காலை வெயில் முதுகில் விழும், மலை முகத்தில் வெளிச்சம் இருக்கும், மணல் ஓடைகளைக் களைப்பு வருவதற்கு முன்பே கடந்துவிடலாம். கடையத்தில் சாப்பிட்டு முடிக்கும்போது பாதிக்கு மேல் முடிந்திருக்கும். அரைநாள்தான் இருக்கிறது என்றால் தோரணமலையையும் ராமநதியையும் விட்டுவிட்டு, ஆழ்வார்குறிச்சியிலேயே தொடங்கி, கடனா, கோவிந்தப்பேரி, பொட்டல்புதூர், ஆழ்வார்குறிச்சி என்று சின்னதாக முடித்துக்கொள்ளுங்கள். ஓடைகளும் மலையை ஒட்டிய தடமும் அதிலேயே வந்துவிடும்.